மாட்டிக்கொண்டால் கூப்பிடுங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையில்லை, அப்பாவைப் பற்றித்தான் போனில் சொல்ல வாய் வராமல் எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலையை விட்ட பிறகும் அப்பா முன்னறையை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டாத அந்த இயங்குதளத்தை ஊர் முழுக்கப் பரப்பியே தீருவேன் என்று நூலகம், தையல் கடை, பல் டாக்டர் வீடு என்று ஏறி இறங்கினார், சும்மா கொடுக்கிறார் என்பதாலேயே சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்தால் தானாகப் பரவும் என்று அப்புறம் பாடம் பாடமாக எழுதித் தள்ளினார். ஒவ்வொன்றையும் என்னை உட்கார வைத்துத்தான் சோதிப்பார், உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும் என்பார், அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீதான் அவற்றை இணையத்தில் ஏற்றிக் கொடுத்தாய். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும், எங்காவது மாட்டிக்கொண்டால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள் என்று நம் வீட்டு எண்ணைப் போட்டிருப்பார், போன் அடித்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார், எந்தப் பாடம், எந்த வரி என்றுதான் முதலில் கேட்பார்.

மறதி கூடிவிட்டது என்று முன்பே சொன்னேன். இனி நினைவு குறைந்துகொண்டேதான் போகும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். போன வாரம் முன்னறைக்குப் போய்ப் பார்த்தால், தான் எழுதிய பாடங்களின் அச்சுப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்கிறார். யாரோ நல்லா எழுதியிருக்காங்க, நமக்குக்கூடப் புரியுது என்றார் என்னிடம். சமையலறைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் வீட்டு போன் அடித்தது. எடுத்தால் அவர்தான், முன்னறையிலிருந்து தன் செல்போனில் கூப்பிடுகிறார். வணக்கம்மா, பாடம் எழுதின சாரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா, பிரிண்டர் பாடத்துல மாட்டிக்கிட்டேன் என்கிறார். ஒரு காதில் போனிலிருந்தும் மறு காதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் அதே குரல் கேட்கிறதடி. சார் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறார், தினமும் சார் வெளியே போயிருக்கிறார். நேற்று கோபமே வந்துவிட்டது, கேட்டா பதில் சொல்ல ஆளில்லன்னா இதை யார் பயன்படுத்துவா, தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். உயிரைக் கொடுத்து வளர்த்ததை அவரே கைவிட்டுவிடுவார் போலிருக்கிறது, என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் அவர் பிரதியில் நம் எண்ணின் மேல் உன் எண்ணை எழுதி ஒட்டிவிட்டேன். பொய் சொல்ல எனக்கு வருகிறது, பிரிண்டரைப் பற்றிச் சொல்லத்தான் வரவில்லை. பாடம் எழுதின சாரிடம் வேலை செய்கிறவள் என்று சொல்லிக்கொள். எந்தப் பாடம், எந்த வரி என்று கேள், வேலை நேரமாக இருந்தாலும் எடு, அவர் தட்டை வைத்துவிட்டு ஓடின மாதிரி எடு.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடமும் விஷயத்தைச் சொல்லிவை, இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள், குரலைக் கேட்டதும் தாங்காமல் அப்பா என்று கூப்பிட்டுவிடாதே, தப்பான நம்பர் என்று வைத்துவிடுவார்.

உன் அம்மா