வால்ட்டர் அண்ணை, நாங்கள் ஒரே ஊர்

என் வால்ட்டர் அண்ணைக்கு,

நீங்கள் கண் மூடியபோது என் அப்பாவே பிறந்திருக்கவில்லை. ஆனாலும் இந்தச் செய்தியை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்!

நீங்கள் வாழ்ந்த அதே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில்தான் உங்கள் மகள் இருக்கிறார். சுவரில் உங்கள் படம்: நடுவகிடு, கனத்த சப்பாத்து, காலடியில் பந்து. உங்கள் கதையை அவர்தான் சொன்னார். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு உதைபந்து ஆடியது ஒரே ஒரு பருவம். இடது ஓரத்தில் பறப்பீர்களாம். அடுத்த பருவம் கழகம் உங்களைக் களத்தில் இறக்கவும் இல்லை, சம்பளம் தரவும் இல்லை, வேறு கழகத்துக்குப் போகவும் விடவில்லை. அப்போது விதியே அதுதானாம். மாட்டைக் கட்டி வைப்பவன்கூட அதற்குத் தீனி போடுவான். நீங்கள் கப்பலேறி இங்கே வந்து ரயில் பட்டறையில் இரும்பு அடித்தீர்கள். கோபம் வரவில்லையா, அண்ணை?

எனக்கு வந்தது. இங்கே தமிழ்ப் பந்தாட்டம், விட்டு வந்த ஊர்களின் பேரில் ஊர்வாரியாக நடக்கிறது. அப்பாவின் ஊர்க் கழகத்துக்குத்தான் மகன் ஆடலாம் என்பார்கள். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமையாவது ஓட வேண்டாமா? போன கோடை முழுக்க என்னை ஓரத்து வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, கழகத் தலைவரின் மகனை மூச்சிரைக்க ஓடவிட்டார்கள். விலகுகிறேன் என்று தலைவரிடம் சொன்னேன்.

"விடமாட்டம். உன்ரை அப்பா எந்த ஊர்?"

"அங்கை இப்ப ஆமிக் காம்ப்தானே, அங்கிள். நான் கண்டதுமில்லை."

"காணாட்டியென்ன? ஊரில்லாமல் இஞ்சை ஒருத்தனும் இறங்கேலாது."

உங்களை அங்கே முதலாளிகள் கட்டி வைத்தார்கள், என்னை இங்கே பெரிய மனிதர்கள்.

ஊர் வேண்டும் என்ற அந்த விதியையே பிடித்தேன்! எல்லாக் கழகங்களிலும் வாங்கில் வாடிய பெடியங்களைச் சேர்த்துக்கொண்டு நேற்றுப் போட்டிப் பதிவுக்குப் போனேன்.

"எந்த ஊர்?" என்றார் போட்டிச் செயலாளர்.

"பார்க் எக்ஸ்டென்ஷன்."

மண்டபமே சிரித்தது. "டேய், அது ஒரு ஊரோ?" என்று தலைவர் எழும்பினார்.

"ஓம் அங்கிள். வளந்தது அங்கைதான். செத்தாலும் அங்கைதான். பிறகென்ன?"

செயலாளருக்கும் சிரிப்பு. "விதியிலை ஊர் எண்டுதான் கிடக்கு. அப்பான்ரை ஊர் எண்டோ, எந்த நாட்டிலை எண்டோ இல்லையே" என்று எங்களைப் பதிந்துவிட்டார்.

முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, தலைவரின் கழகத்தோடுதான்! உங்கள் மகள் மடக்கு நாற்காலியோடு வருகிறார். நீங்கள் ஓடிய இடது ஓரம் எனக்கு.

வென்றாலும் தோற்றாலும் ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணை. எங்கள் கழகத்தில் வந்தவன் எல்லாம் ஆடுவான். போக நினைப்பவனை எவனும் கட்டி வைக்க மாட்டான்.

உங்கள் ஊர்த் தம்பி,
ஜூட்