இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தவள்

ஸ்கீவ, டென்மார்க்
மார்ச் 4, 2023

அன்புள்ள தோரா,

நலமா? ஃபாரோ தீவுகளில் புயல் ஓயவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். நீ பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் நடக்கிறதா? இங்கே என் வீட்டுக்காரர் ப்ரேபனுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்தது. குச்சி ஊன்றிக்கொண்டு கோழிகளைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இருபத்தெட்டு வருடம் கழித்து எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். லிம்ஃபியோர்ட் கரையில் நாம் இருவரும் தோண்டிய, ஏறக்குறைய ஐயாயிரம் வருடப் பழமையான கல்லறைப் பெண்ணைப் பற்றித்தான். சுண்ணாம்பு மண்ணால் எலும்பு மக்காமல் தப்பிய அந்தப் பெண். பழைய குடியானவர்கள் கூட்டமாகப் புதைத்த பெரிய கல் அறைக்குள், பின்னால் வந்த கோடரிக்காரர்களின் வழக்கப்படி இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தாளே, அவள்தான். பக்கத்தில் புனல்வாய்க் குடுவை, அது பழையவர்களுடையது. கழுத்தில் புதியவர்களின் அம்பர் மணி.

பழைய ஜனமே மெல்ல மெல்லக் கோடரிக்கு மாறியது, சாமான்தான் கைமாறியது, ஆள் மாறவில்லை என்று நான் எழுதினேன். நீ குழியில் நின்றபடியே, “இல்ல போடில், இவ வேற ஜனம். வந்தவ” என்றாய். மியூசியத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. உன்னைப் பற்றிக் கமிட்டி கேட்டபோது, தோரா மண்ணைப் படிக்கவில்லை, மண்ணுக்குக் கதை சொல்கிறாள் என்றேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. நீ கப்பல் ஏறினாய்.

சென்ற மாதம் அவளுடைய பல்லில் மரபணுவைச் சோதித்த முடிவு வந்தது. முன்னோர்கள் கிழக்கிலிருந்து வந்தவர்களாம். நீ சொன்னதுதான். ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கையில் கொடுத்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் என் காரைத் தேடிப் பிடிக்கவே வெகுநேரம் ஆனது.

அத்தோடு முடிந்திருந்தால் உனக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவள் மார்போடு இருந்த சிசுவின் எலும்பு நினைவிருக்கிறதா? தாய் அவளேதான். தகப்பன் பழைய ஜனமாம், தோரா. அப்படியென்றால் என்ன நடந்தது? கட்டிக்கொண்டார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா? நோய் வந்து பழையவர்களில் அவன் ஒருவன்தான் மிஞ்சினானா? அந்தக் குடுவையை அவளருகே வைத்த கை யாருடையது? காலையில் ஒன்று தோன்றுகிறது, மத்தியானம் இன்னொன்று.

புது இயக்குநர் லெர்க்க நல்ல பெண், ஆனால் அவசரக்காரி. மியூசியச் சுவரில் மாட்டும் பலகைக்கு என்னை எழுதச் சொல்லிவிட்டு, “முதல்ல குடுவை ஜனம், ஒரு அம்புக்குறி, அப்புறம் கோடரி ஜனம், இன்னொரு அம்புக்குறி, குறுவாள் காலம், வெண்கலம். அவ்வளவு போதும், பசங்களுக்குப் புரியணும்ல” என்கிறாள். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் அம்புக்குறி இருக்கும் இடத்தில்தான் அந்தப் பெண் படுத்திருக்கிறாள். அங்கே எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கறுப்பு ரொட்டியை மென்றுகொண்டே ப்ரேபன், “முப்பது வருஷமா ஊருக்கே பாடம் நடத்தின, இப்ப தெரியலங்கற. தெரிஞ்சவகிட்ட கேளேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி ஊற்றப் போய்விட்டார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

பலகை இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. தோண்டியவர்கள் என்ற இடத்தில் இதுநாள்வரை என் பெயர் மட்டும்தான் இருந்தது. இப்போது உன் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே என் பெயரைப் போடலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக் கப்பலில் வந்தால் ஹீர்ட்ஸ்ஹால்ஸ் துறையில் காருடன் நிற்பேன். வர மனமில்லை என்றால், அந்தச் சிசுவைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வரியாவது எழுது. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, உன் கையெழுத்தில் வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும்,
போடில்