இடுப்புப் பட்டையில் இருந்த கத்தி

இனாரி,
நவம்பர் 3

அன்பு மகன் லெமெத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் பனிமான்களும் இருக்கிறபடி இருக்கிறோம், ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் டெஸ்ஸாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஏரி ஓரமெல்லாம் கட்டியாகிவிட்டது, நடுவில் மட்டும் இன்னும் கறுப்பாகத் தண்ணீர் தெரிகிறது. இன்னும் நாலு வாரம் போனால் சூரியனும் போய்விடும், ஜனவரியில்தான் திரும்பி வரும். நியூசிலாந்தில் இப்போது வெயில் ஏறுகிறதாம், வானொலியில் சொன்னார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தால் போதும், கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்கிறேன். மான்கறி வேகவைத்தால் நாலு நாளைக்கு அதையே தின்றுகொண்டிருக்கிறேன். அப்பா போய் ஆறு வருஷம், நீ போய் நாலு வருஷம், இன்னும் ஒரு ஆளுக்கு அளவாகச் சமைக்க எனக்குக் கை வரவில்லை.

உன் செய்தி கிடைத்தது. மூன்று கத்திப் படம், இரண்டு வரி. டெஸ்ஸாவோடு பத்து நாள் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், இதில் எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். எப்படி இருக்கிறாய் அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை, போகட்டும். படத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வந்துவிட்டது. முதல் கத்திக்கு முதுகில் ரம்பம் மாதிரி பல். அது எதற்கு? மரம் அறுக்கவும் ஆகாது, ரொட்டி அறுக்கவும் ஆகாது. இரண்டாவதற்குக் கைப்பிடி உள்ளே பொந்து, அதில் தூண்டில் முள்ளும் திசைகாட்டியும் வைத்திருக்கிறானாம். பொந்து இருக்கிற பிடி முதல் நாளே கையோடு வந்துவிடும். மூன்றாவதைக் கறுப்புப் பெயின்ட் அடித்து யுத்தத்துக்குப் போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். பனிமான் மேய்க்கிற வீட்டில் பிறந்தவன் கடைக்காரன் காட்டினதையெல்லாம் நம்புகிறாயே ராசா, உன்னை என்ன சொல்ல.

இந்த மூன்றும் வேண்டாம். மடிக்கிற கத்தியும் வேண்டாம். இரும்பு ஒரே துண்டாகக் கைப்பிடியின் கடைசி வரைக்கும் ஓடுகிறதா என்று கேட்டு வாங்கு. அலகு உன் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் போதும், அதற்கு மேல் நீளமானால் மீன் அரியவும் குச்சி சீவவும் கை தடுமாறும். பிடி மரமாக இருக்கட்டும், ஈரக் கையில் வழுக்காது. முதுகு சதுரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் தீப்பொறிக் கம்பியை உரசினால் பொறி கொட்டும். துருப் பிடிக்காத எவர்சில்வர் வாங்கு என்று கடையில் சொல்வான், அங்கே மழை அதிகம் என்றால் அதுவே வாங்கிக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சாதா எஃகு வாங்கினால் சாணை பிடிக்கச் சுலபம், ஆனால் தினம் துடைத்துக் கொஞ்சம் கொழுப்புத் தடவணும், உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கிளை வெட்டவும் விறகு பிளக்கவும் நாம் வைத்திருக்கிற பெரிய கத்தி அங்கே கிடைக்காது, ஒரு சின்னக் கோடாலி எடுத்துக்கொண்டு போ. சின்னக் கத்தியைக் கட்டை மேல் வைத்து அடி அடி என்று அடிக்காதே.

டெஸ்ஸாவுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுத்துவிடு. தொடை மேல் வைத்து எதையும் சீவக் கூடாது. தொடை உள்பக்கம் கத்தி பட்டால் உதவிக்கு ஆள் வருவதற்குள் கதை முடிந்துவிடும். முழங்கையை முட்டி மேல் ஊன்றி, முன்னால் குனிந்து, வெளிப்பக்கமாகச் சீவச் சொல். கைக்குக் கை கத்தி கொடுக்காதீர்கள், ஒருத்தர் கீழே வைக்க இன்னொருத்தர் எடுக்கட்டும். ஈரக் கத்தியைத் தோல் உறையில் போடாதே. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூன் மாதம் மான்குட்டிகளுக்கு, எது யாருடையது என்று தெரிய, காதில் குறி வெட்டினோம், உன் பங்குக் குட்டிகளுக்கு உன் குறியை நான்தான் வெட்டினேன். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வெட்டினேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, இதோடு நிறுத்திக் கவரை ஒட்டிவிடலாம். மனசு கேட்கவில்லை. முன்னெல்லாம் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாய், கல்யாணத்துக்கு அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை ஆகிவிட்டது. உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறதோ, அல்லது தெரியாமலே மனசு விட்டுப்போய்விட்டதோ, எனக்குத் தெரியவில்லை. பிப்ரவரியில் உன் கல்யாணத்துக்கு நான் வராததற்குக் கால் வீக்கம் என்று சொன்னேன் இல்லையா, அது பொய். கால் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பரவாயில்லை அம்மா, காலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு நீ வாங்கி அனுப்பிய இறுக்கமான காலுறை இரண்டு ஜோடியும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போகிறேன்.

நடந்தது இதுதான். பெட்டியில் மடித்தால் கசங்கிப்போகும் என்று விசேஷ உடுப்பை வீட்டிலேயே உடுத்திக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். நீல உடுப்பு, நெஞ்சில் வெள்ளிப் பதக்கம், இடுப்பில் பட்டை, பட்டையில் என் கல்யாணத்துக்கு உன் அப்பா மான்கொம்புப் பிடி போட்டுச் செய்துகொடுத்த கத்தி. நம்மவர்களில் யார் அதைக் கத்தி என்று தனியாக நினைக்கிறார்கள்? உடுப்போடு அதுவும் உடம்பில் ஏறிவிடுகிறது. சோதனை வாசலில் மணி அடித்தது. வெள்ளியைக் கழற்றினேன், பூட்ஸைக் கழற்றினேன், மறுபடியும் அடித்தது, இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்று நான் சத்தம் போடுகிறேன். சோதனையில் நின்றது நம் பக்கத்து வீட்டு இங்கர், அவள்தான் என் இடுப்பைக் காட்டினாள். பின்னால் நின்ற வரிசையே சிரித்துவிட்டது.

அந்தப் பெண் நல்ல பெண், மெதுவாகத்தான் சொன்னாள்: "அத்தை, கழட்டி என்கிட்ட குடுங்க, பூட்டி வெச்சிருக்கேன். வந்து வாங்கிக்குங்க. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, சம்பந்தி வீட்டில் அரை உடுப்போடு நிற்பதா என்று தாம்தூம் என்று குதித்தேன். "அப்போ நான் போகல" என்று சொன்னேன். இங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்றிய பெட்டியை இறக்கிக் கொடுத்தார்கள். வெளியே வண்டியில், அத்தனை வெள்ளியோடு உட்கார்ந்திருந்தேன். விமானம் என் தலைக்கு மேலேதான் போயிற்று. எனக்கு அப்போது அழுகை வரவில்லை லெமெத். அப்பாடா என்றிருந்தது. எட்டு மாதமாக என்னால் உன்னிடம் சொல்ல முடியாமல் போனது அந்த அப்பாடாதான்.

கத்தி ஒரு சாக்கு. அது இல்லாவிட்டால் வேறு ஒன்று கிடைத்திருக்கும். உன் வீட்டை என் கண்ணால் பார்க்காத வரைக்கும் நீ வேலைக்காகப் போயிருக்கிற பிள்ளை, எப்போது வேண்டுமானாலும் கதவைத் திறந்துகொண்டு வருவாய். உன் அடுப்பையும் கட்டிலையும், ஜன்னலில் அவள் வைத்திருக்கிற செடியையும் பார்த்துவிட்டால் அப்புறம் நீ அங்கே வாழ்கிற ஆள். அதைப் பார்த்துவிட்டு இங்கே திரும்பி வந்து இந்தச் சாவியைப் போட்டு இந்தக் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அப்புறம் நீ அனுப்பிய படத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு சால்வை மடித்து வைத்திருந்தாய். என் கால் சரியில்லை என்று நம்பிக்கொண்டு வைத்திருக்கிறாய். நான் செய்தது பெரிய தப்பு. என் பயத்துக்கு உன் கல்யாண நாளைப் பலி கொடுத்துவிட்டேன்.

பாஸ்போர்ட் இன்னும் மூன்று வருஷம் செல்லும். டிக்கெட் வாங்கவில்லை, உன்னைக் கேட்காமல் வாங்க எனக்கு முகம் இல்லை. நான் வரட்டுமா? இப்போது வேண்டாம் என்று நீ சொன்னால் அதுவும் நியாயம்தான், நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். இதை டெஸ்ஸாவுக்கும் ஒரு வரி விடாமல் அவள் பாஷையில் படித்துக் காட்டு, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி மாற்றிச் சொல்லாதே.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் காட்டுக்குப் போனாலும் பத்து விரலோடு திரும்பி வரணும், சேர்ந்து சிரித்துக்கொண்டு வரணும். என் ஆசீர்வாதம் முழுக்க உங்களுக்குத்தான். பதில் போடும்போது மறக்காதே, கத்தி வாங்கிவிட்டேன் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதே. கோபமாக இருந்தால் திட்டியே எழுது, நான் படித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ரிஸ்தென்