மருந்துக் கம்பெனி

தாயில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செழியனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், வீடியோவில் பார்த்தேன், கன்னமெல்லாம் சதை வைத்திருக்கிறது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் கிளாஸ் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. கம்பெனியில் தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, மழை வேறு நேரங்காலம் தெரியாமல் வருகிறது.

என் பிள்ளை டெல்லியில் வாத்தியார், மற்ற வாத்தியார்களுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய் இது. தமிழ்நாட்டு வாத்தியார்களுக்கு ஆன்லைனில் நீ பேசியதை உன் தங்கச்சி இசைவாணி வாத்தியார் படிப்பு படிக்கிற சிவகாசி காலேஜில் வகுப்பிலேயே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அவரவர் பேச்சில் பேச விடுங்கள், வீட்டில் என்ன வேலை என்று கேளுங்கள், அந்த வேலையிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள், எந்தப் பிள்ளையும் கூனிக் குறுகி உட்காரக் கூடாது என்று எம்புட்டு அழகாகப் பேசுகிறாய்! கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒருவர், உங்க அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறார். மருந்துக் கம்பெனி என்கிறாய். அதில் தப்பில்லை, பட்டாசுக்குள் செலுத்துகிற வெடிமருந்தை நாம் மருந்து என்றுதான் சொல்வோம். ஆனால் அந்த மனுஷன், ஓ மாத்திரைக் கம்பெனியா என்றதும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாயே, அது யார் சொல்லிக்கொடுத்த பாடம்?

வீடியோ முடிந்ததும் அந்த டீச்சர் உன் முறைப்படியே ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிக் கேட்டிருக்கிறார். இசைவாணி எழுந்து, எங்க அம்மா பட்டாசுக் கம்பெனியில மருந்து செலுத்துறாக என்று உள்ளதைச் சொன்னாள். உங்க அண்ணன் மாத்திரைன்னுல்ல தலையாட்டினாரு, ரெண்டு பேருல யாரு பொய் சொல்றது என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. நாலு நாளாகப் பிள்ளை காலேஜுக்குப் போகவில்லை. இனிமேல் போகவே மாட்டாளாம். நானும் மாத்திரைன்னே சொல்லிருக்கலாம்லம்மா என்கிறாள். அவனுக்கு அங்கன என்ன நெருக்கடியோ, விட்டுரு என்கிறார் உன் அப்பா. என்ன பெரிய நெருக்கடி? கழுத்தில் கத்தியா வைத்தார்கள்? வெட்கமாக இல்லையா உனக்கு?

பன்னிரண்டாம் தேதி அதே காலேஜுக்கு வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாயாம், நோட்டீஸில் உன் படம் போட்டிருக்கிறது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருக்கட்டும். அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டேன். இசைவாணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்காருவேன். என் தங்கச்சி சொன்னதுதான் நிஜம், பொய் சொன்னது நான் என்று அந்த டீச்சர் காதில் விழும்படி முதலில் சொல், அப்புறம் உன் பாடத்தை நடத்து. சொல்லாமல் மழுப்பினாயோ, அத்தனை பேர் முன்னாலும் எழுந்து, ஏலே செழியா, உங்க அம்மா செலுத்துற மருந்து எந்த நோய்க்குலே என்று கேட்பேன். கேட்பேனா மாட்டேனா என்று உனக்கே தெரியும்.

பெற்றவள் வாய், சபிக்க வரவில்லை. குலசாமி உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ரயிலில் கண்டதை வாங்கித் தின்னாதே. பன்னிரண்டாம் தேதி, ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாத்திரை செய்யத் தெரியாத உன் அம்மா,
அய்யம்மாள்.