நீலக் கட்டம்

அக்டோபர் 6, திங்கள்

வாணியம்பாடி. காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் செய்யணும், இன்றும் மறந்தாச்சு.

11 மணிக்கு ஜவ்வாது மலையிலிருந்து மேனேஜர் போன். அங்கே சாமை விவசாயிகள் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர். கதிரடிக்கும் மெஷின் யாருக்கு எந்த நாள் என்ற முறைப் பட்டியல் அதில்தான் இருக்கிறது. இருந்தது.

"மேடம், லிஸ்ட் மொத்தமும் போச்சு. ஒரு பேர் இல்ல. செல்விதான் சிஸ்டத்துல உக்காந்திருந்தது. இன்னா பண்ணுச்சோ!"

அறுவடை நேரம். வெட்டிய கதிர் நனைந்தால் அவ்வளவுதான்.

சனிக்கிழமை எடுத்த காப்பியைத் திரும்ப ஏற்றினேன். இன்று காலை பதிந்த பேர்கள் மட்டும் போனது போனதுதான். நேற்று சின்னதாக ஒரு அப்டேட் போட்டேனே, அதனாலா? இருக்காது. பத்து தடவை கிளிக் பண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

அக். 7, செவ்வாய்

ஆலங்காயம் வரை ஒரு பஸ். காவலூர் வழியாக இன்னொன்று. மேலே நல்ல குளிர். ஸ்வெட்டர் எடுத்துப் போ என்று அத்தா சொன்னார், கேட்கவில்லை.

ஆபீஸ் வாசலில் கூட்டம். ஒருத்தர் விடாமல் கத்தல்: "நேத்து மொத ஆளா வந்து பேர் குடுத்தேன். இப்ப இல்லன்னா இன்னா அர்த்தம்?"

யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று பதியும் லாக் பார்த்தேன். திங்கள் 10.42. செல்வியின் லாகின். 'பட்டியலை அழி'. 'தொடரலாமா?' ஆம். எல்லாம் ரெண்டு நொடியில்.

நோட்டில் எழுதினேன்: ஆபரேட்டர் தவறு. மனசு லேசானது. வெட்கமில்லாமல் ரெண்டு போண்டா சாப்பிட்டேன்.

செல்வி முப்பது வயசு இருக்கும். போளூர்க்காரி, இங்கே வாக்கப்பட்டவள். பெரிய ஃபிரேமில் கண்ணாடி, இன்னும் பழகாத மாதிரி. ஓயாமல் கழற்றித் துடைக்கிறாள். ஒரே பேச்சுதான்: "நான் பிரிண்ட்தாங்க குடுத்தேன்." யாரும் நம்பவில்லை. நானும்.

மேனேஜர்: "வெள்ளிக்கிழமையோட நின்னுக்கன்னு சொல்லிட்டேன் மேடம்."

இரவு தங்கல் சங்கத்தின் பின்னறையில். போர்வையில் உமி. உடம்பெல்லாம் அரிப்பு.

அக். 8, புதன்

நேற்று நோட்டில் எழுதியதை அடித்துவிட்டேன்.

காலையில் விட்டுப்போன பேர்களைத் திரும்பப் பதிய செல்வி உட்கார்ந்தாள். சும்மா பக்கத்தில் நின்றேன். மவுஸ் மேசை ஓரத்தில், வயர் சுற்றியபடி, மேலே தூசி.

"மவுஸ் ரிப்பேரா?"

"இல்லீங்க மேடம். என் வலது கை நடுங்கும், சின்ன வயசுலேர்ந்தே. மவுஸைப் புடிச்சா அந்த அம்பு ஈ மாதிரி பறக்குது. எல்லாம் கீபோர்டுதாங்க."

ரெண்டு வருஷமாக என் சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறாள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

பதிந்து முடித்ததும் பிரிண்ட் எடுக்க, இடது கையால் டேப் பட்டனைத் தட்டினாள்; ஒரு தட்டுக்கு மெனுவில் ஒரு படம் தாண்டும். உதடு அசைந்தது. என்னவோ மந்திரம் மாதிரி. காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"ரயில்வே கேட். சந்தை. செக்போஸ்ட். பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரி. எங்க வூடு."

என்டர்.

'தொடரலாமா?' பெட்டி வந்தது. அடுத்த என்டருக்கு முன்னால் அவள் கையைப் பிடித்தேன். "இன்னாது இது செல்வி?"

"ஸ்டாப்புங்க. போளூர்லேர்ந்து நான் பஸ்ல வர்ற வழி. எந்தப் படத்துல நிக்கிறேன்னு ஸ்க்ரீன்ல தெரியாதுல்லீங்களா, அதான் எண்ணிக்குவேன். எங்க வூடுன்னா பிரிண்ட். அங்க எறங்கிடுவேன்."

விரல் விட்டு எண்ணினேன். மெனுவில் வரிசையாகச் சின்னப் படங்கள், எழுத்தே கிடையாது. ஆறாவது, பிரிண்டர் படம். ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னால் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று சேர்த்தேன், மேனேஜர் கேட்டார் என்று. செல்விக்கு யாரும் சொல்லவில்லை. அவள் ஆறு எண்ணி அவள் வீட்டில்தான் இறங்கினாள். அங்கே நான் குப்பைத்தொட்டி வைத்திருந்தேன்.

"தொடரலாமான்னு கேட்டுச்சே?"

"பிரிண்டுக்கும் அதையேதாங்க கேக்கும்."

ஆமாம். எல்லாவற்றுக்கும் அதே ஒரு பெட்டி. தனித்தனியாக எழுதச் சோம்பல் எனக்கு.

சாப்பாடு இறங்கவில்லை.

அக். 9, வியாழன்

தூக்கமில்லை. தலைவலி. மாத்திரை ஒன்று.

டேப் தட்டினால் நிற்கும் இடத்தைச் சுற்றி நீலக் கட்டம் வரும். பிரவுசரே போடுவது. அது எங்கே போச்சு என்று தேடினேன். அதை மறைக்கச் சொல்லி ஒரு வரி. ஒரே வரி. ஜனவரியில் டிசைன் மாற்றியபோது நான்தான் எழுதினேன். பக்கத்தில் குறிப்பு வேறு: 'அசிங்கமான கோடு.' அழகு பார்த்திருக்கிறேன்!

பிறகு வாட்ஸ்அப். ஜனவரியில் செல்வி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று. இன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

"மேடம், அந்த நீலக் கட்டம் காணோங்க. எல்லாருக்கும் இப்டித்தானா, எனக்கு மட்டுமாங்க?"

கீழே என் பதில். ஒரு கட்டைவிரல்.

என்னையே ரெண்டு அறை விடணும்போல இருந்தது.

வரியை எடுத்தாச்சு. கட்டம் இன்னும் தடிமனாக. படங்களுக்குக் கீழே எழுத்து. அழிப்பது மட்டும் கடைசியில், 'மொத்தப் பட்டியலும் போய்விடும்' என்று தனிப் பெட்டி, அதில் 'வேண்டாம்' முதலில்.

அக். 10, வெள்ளி

வெயில். வாசலில் கதிர் ஏற்றிய டிராக்டர்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தப்பு என்னோடது. அவர் சிரித்தார். "பாவம் பார்த்து சொல்றீங்க மேடம். பொம்பளைங்களுக்கே எளகின மனசு."

கோபம் வந்தது. பழைய மெனுவை டெஸ்ட் காப்பியில் திறந்தேன். மவுஸைப் பிடுங்கி என் பையில் போட்டேன்.

"பிரிண்ட் குடுங்க சார்."

டேப் தட்டினார். குனிந்து பார்த்தார். மறுபடி தட்டினார். "இன்னா இது, எங்க இருக்கேன்னே தெரியலயே?" பின்னால் டிராக்டர்க்காரர்: "சார், சீக்கிரம்!" என்டர். என்டர்.

பட்டியல் காலி. வெறும் வெள்ளை.

கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். "அது டெஸ்ட்தான் சார்" என்று நான் சொல்லும்வரை மூச்சு விட்டாரா என்றே சந்தேகம். அப்புறம் எழுந்து, நாற்காலியை செல்வி பக்கம் தள்ளினார். "உக்காரும்மா. திங்கக்கிழமையும் வந்துடு."

புது மெனு. செல்வி டேப் தட்டினாள். நீலக் கட்டம் ஒவ்வொரு படமாக நகர்ந்தது. ரயில்வே கேட், சந்தை என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். டேப் தட்டிப் பார்த்தாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

"கழட்டினாலும் தெரியுதுங்க மேடம்."

"தெரியத்தானே செய்யும். ஏன்?"

"இல்லீங்க, அன்னிக்கு நீங்க கட்டைவிரல் போட்டீங்களா. சரி, சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு, என் கண்ணுலதான் கோளாறுன்னு போளூர் போய்ட்டு இந்தக் கண்ணாடி போட்டுக்கினு வந்தேன்."