செயின் இறுகுற இடம்

மசாக்கா, பிரசவ வார்டு வாசல் பெஞ்சு
செவ்வாய் காலை

அன்பு மகன் லுப்வாமாவுக்கு அம்மா எழுதறது. நீ தோஹாவுல வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு ஆண்டவரைக் கேட்டுக்கிறேன். இங்கே நான் நல்லா இருக்கேன், உன் பெண்டாட்டி நமுகாசா எப்படி இருக்கான்னு கேட்டா பதில் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு, விடிஞ்சதும் வலி வந்து கூட்டிட்டு வந்தேன், உள்ளே போனவதான். உட்கார முடியலை, நடந்தா நர்ஸ் திட்டுறா, அதான் பேப்பர் வாங்கி எழுதுறேன்.

எதுல கூட்டிட்டு வந்தேன்னு கேட்பியே, உன் பைக்லதான். அதைச் சொல்லத்தான் எனக்குக் கை துறுதுறுங்குது. ஒரு மாசமா செயின் ஒரு இடத்துல இறுகுது, ஒரு இடத்துல தொங்குது. பைக் டாக்ஸி ஸ்டாண்ட்ல என்கூட சவாரி ஓட்டுற கவூமா இருக்கானே, பொம்பளை ஓட்டினா செயினுக்கும் வெட்கம் வரும்மான்னு கிண்டல் பண்ணிட்டு, தொங்குற இடத்துல பார்த்து நல்லா இறுக்கிக் கொடுத்தான். மகராசன்! இறுகுற இடம் வந்தப்போ கம்பி மாதிரி விறைச்சு உறுமுச்சு, மறுநாள் செம்மண் மேட்டுல சவாரியோட ஏறும்போது பட்டுனு கழண்டு விழுந்துச்சு. பின்னாடி இருந்த டீச்சர் குதிச்சுத் தப்பிச்சாங்க. நமுகாசாவை நிறைமாசத்தோட ஏத்திட்டு அதே மேட்டைத்தானே ஏறணும், வேற வண்டி எங்கே இருக்கு நம்மகிட்ட.

அப்புறம் யாரையும் கேட்கலை. வீட்டுல பைக்கை நடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, நமுகாசாவோட நகப்பாலிஷை எடுத்து செயின்ல ஒரு கண்ணியிலயும் பின்பல்சக்கரத்துல ஒரு பல்லுலயும் சிவப்பு வெச்சேன். எதுக்கு அத்தை பைக்குக்கு அலங்காரம்னு அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சக்கரத்தை மெல்லச் சுத்திச் சுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை இறுகும்போதும் சிவப்புப் பல்லு அதே இடத்துல வந்து நிக்குது, சிவப்புக் கண்ணி மட்டும் எங்கெங்கேயோ இருக்கு. செயின் மேல தப்பே இல்லைடா, பல்சக்கரம்தான் நடுவுல உட்காரலை. மெக்கானிக் லூலேகிட்ட கழட்டச் சொன்னேன். நடு ஓட்டை பெருசா இருந்து ஆடுதுன்னு ஒரு பக்கம் சோடா டின்னை வெட்டி மடிச்சுச் சொருகியிருக்கு. லூலே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இது உன் புள்ளை கைவேலைன்னான்.

நீ கிளம்புறதுக்கு முதல் நாள் என்ன சொன்னே? பல்சக்கரம் புதுசு மாட்டிட்டேன், ரெண்டு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்மான்னு சொன்னியா இல்லையா? கோபத்துல உன் போட்டோவைத் திருப்பி வெச்சேன். ராத்திரி நானே நேரா வெச்சேன், அது வேற. சரியான அளவுல ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு, இப்போ செயினை எங்கே தொட்டாலும் ஒரே அளவு தளர்ச்சிதான். இன்னிக்கு மேட்டுல நமுகாசா என் முதுகுல சாய்ஞ்சு முனகினாளே தவிர பைக் ஒரு சத்தம் போடலை.

இரு, நர்ஸ் கூப்பிடுறா.

பொண்ணு பொறந்திருக்காடா! தாயும் புள்ளையும் சுகம். உன் மூக்கு, பாவம். நமுகாசா கஞ்சி கேட்டிருக்கா, நான் ஓடணும். வெயில்ல நின்னு காவல் பார்க்கிறவன் தண்ணி குடி, தலையில துணி போட்டுக்கோ. ஆண்டவர் உன்னையும் உன் மகளையும் காப்பாத்தட்டும்.

உன் அம்மா,
நகாயிசா

பின்குறிப்பு: கவூமா தங்கச்சி வெள்ளிக்கிழமை அங்கே வர்றா, அவகிட்ட இந்தக் கவரைக் கொடுத்தனுப்புறேன். உள்ளே அந்த டின் துண்டு இருக்கு, கையை வெட்டிக்காதே. வேலை எப்படின்னு போன்ல கேட்டா எல்லாம் சரியா இருக்கும்மாங்கிறே, அன்னிக்குப் புதுசு மாட்டிட்டேன்னு சொன்ன அதே குரல்ல. இப்போ நீயும் ஒரு பொண்ணுக்கு அப்பன். உள்ளதை எழுது.