தொட்டித் தண்ணீரும் என் கண்ணும்

ஜூன் 3, செவ்வாய்
தூறல். குளிர். காலை ஆறேகாலுக்குத் தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். குப்பியில் ஐந்து சொட்டுச் சோதனை மருந்து; குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சள். அட்டையோடு ஒப்பிட்டேன்: குளோரின் 0.5, சரியான அளவு. நோட்டில் எழுதிக் கையெழுத்து. லேஅவுட்டில் நாற்பது வீடும் குடிப்பது இதைத்தான். குடியிருப்போர் சங்கம் இந்த வேலையைத் தந்ததிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை.
தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜிடம் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னேன். பழுப்பேறிக் கிடந்தது. "சரிங்க மேடம்."
வாங்க: டார்ச் செல், பிரெட், பீன்ஸ்.

ஜூன் 5, வியாழன்
வெயில். 0.5.
பக்கத்து வீட்டுச் செல்வி, தென்காசிக்காரி, வாசலில் நிறுத்தினாள். "ஆன்ட்டி, பிள்ளைக்கு நேத்துலேருந்து வயித்தால போவுது. தண்ணி நல்லாத்தானே இருக்கு?" நோட்டைக் காட்டினேன். "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்." பெருமை. வீட்டுக்குள் வந்தபின் அவ்வளவு இல்லை.

ஜூன் 6, வெள்ளி
செல்வியையும் அழைத்துப் போனேன், அவளே பார்க்கட்டும் என்று. மஞ்சள் என்றேன்.
"எங்க ஆன்ட்டி? சும்மா தண்ணி மாதிரில்ல இருக்கு."
முனிராஜ் தரையைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க மேடம். பத்து நாளா இப்படித்தான். ஒரு நாளு மருந்தே விடாத தண்ணியக் காட்டினேன், அதையும் மஞ்சள்னீங்க. அந்தச் சட்டையும் புதுசு மேடம். வெள்ளை."
"அப்போ பத்து நாளா ஜனங்க என்னத்தைக் குடிச்சாங்க?"
"நீங்க போனதும் நானே இன்னொருக்கா பாப்பேன். கொறஞ்சிருந்தா பிளீச்சிங் பவுடர் கலக்கித்தான் வால்வு தொறப்பேன். இன்னைக்கும் அப்படித்தான்."
"முன்னாடியே ஏன் சொல்லலை?"
"உங்ககிட்ட யாரு மேடம் சொல்றது?"
பிள்ளை தின்றது பேருந்து நிலையத்துப் பானிபூரியாம்.
அரை மணி நேரம் கோபம். பிறகு வெட்கம். இப்போது, எழுதும்போது, நன்றி மட்டும். நாற்பது வீடு.

ஜூன் 7, சனி
மேகம். கண் டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை. முற்றினால் வெள்ளையும் மஞ்சளடிக்குமாம். அறுவை சிகிச்சை அடுத்த வாரம்.
செய்ய:
பத்து நாள் பதிவையும் ஒற்றைக் கோடால் அடித்து, 'தவறு' என்று எழுதிக் கையெழுத்து.
சங்கத்தில் நானே சொல்வது. முனிராஜ் சொல்லும்படி விடக்கூடாது.
சர்க்கரை டெஸ்ட், வெறும் வயிற்றில்.

ஜூன் 8, ஞாயிறு
கூட்டம். சொன்னேன். முனிராஜை எழுந்து நிற்கச் சொன்னேன். கைதட்டினார்கள். "யாகெ மேடம், எதுக்கு இதெல்லாம்" என்று பாதி கன்னடத்தில் முணுமுணுத்தார். கண் கலங்கியது, எனக்குத்தான். சோதனைப் பொறுப்பு இனிச் செல்விக்கு.

ஜூன் 9, திங்கள்
மழை. செல்வி குப்பியைத் தூக்கிப் பிடித்தாள். "லேசான மஞ்சள் ஆன்ட்டி." லேசு என்றால் அட்டையில் எந்தக் கட்டம் என்று கேட்டேன். "ரெண்டுக்கும் நடுவுல." நடுவில் கட்டம் இல்லை, குறைந்ததை எழுது என்றேன். 0.2. முனிராஜ் பவுடர் கரைத்து ஊற்றினார். அரை மணி காத்திருந்து மறுபடி பார்த்தாள்: 0.5. அவர் வால்வைத் திறந்தார். நான் இருவருக்கும் குடை பிடித்தேன்.